விட்டு விட்டு எரியும் பிறேக் விளக்கு
பிக்கப் வண்டி வைத்திருக்கும் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

நெல்லையும் மரக்கறியையும் விளைவிப்பதோடு கமக்காரரின் வேலை முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் பழுதின்றிச் சந்தையைச் சேர்ந்த பின்னரே உழைப்பின் பயன் கைக்கு வருகிறது. மன்னார் மாவட்டத்திலே கட்டுக்கரைக் குளத்தின் கீழ் விளையும் நெல்லும், கிணற்று நீரால் விளையும் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியனவும் இன்று பெருமளவில் பிக்கப் வண்டிகளில் ஏற்றப்படுகின்றன. மாட்டு வண்டியும் உழவு இயந்திரமும் செய்த வேலையின் ஒரு பகுதியை இவ்வண்டிகள் ஏற்றுக்கொண்டன.

பாதைகளும் மாறிவிட்டன. 2010ஆம் ஆண்டில் தள்ளாடிப் பக்கத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்வதும் எளிதாயிற்று. நல்ல பாதையிலே வண்டி விரைவாகச் செல்லும். ஆனால் வேகம் இரு மடங்காகும்போது, பிறேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மன்னார் நகரத் தெருக்களிலே கழுதைகள் தம் விருப்பப்படி உலாவுவதையும், இரவிலே மாடுகள் வீதியில் படுத்திருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். பின்னால் இருபது நெல் மூடையும் முன்னால் மனைவி மக்களும் இருக்க, மிதித்த பிறேக் பிடிக்காதுபோனால் விளைவு என்னவாகும் என்று கூறவேண்டியதில்லை.

பிறேக்கிலே குறை தோன்றும்போது அதனை முதலில் அறிவிப்பது மீற்றர்ப் பலகையிலுள்ள எச்சரிக்கை விளக்காகும். அது இடைவிடாது எரிந்தால் எவரும் கவனிப்பர். சிறிது நேரம் எரிந்து பின் அணைந்துவிட்டால், "தானாகச் சரியாகிவிட்டது" என்று பலரும் விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு. வயலின் ஒரு மூலையிலே பயிர் வட்டமாகப் பழுத்துக் காய்ந்தால், அடித்தண்டிலே கபிலத் தத்தி உண்டா என்று குனிந்து பார்க்கிறீர்கள். மற்ற இடங்கள் பசுமையாக இருக்கின்றன என்று வீடு திரும்புவதில்லை. விட்டு விட்டு எரியும் விளக்கும் அத்தகையதே. அது எந்த வேளையில் எரிகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், குறை இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

விளக்குகள் இரண்டு

இக்கால வண்டிகளிற் பெரும்பாலும் இரண்டு விளக்குகள் உள்ளன. ஒன்று சிவப்பு, மற்றது மஞ்சள். இவற்றின் பொருள் வேறு வேறு.

சிவப்பு விளக்கு கைப்பிறேக் இழுக்கப்பட்டிருக்கும்போது எரியும். பிறேக் எண்ணெய் குறைந்தாலும் அதே விளக்கே எரியும். பிறேக் குழாய்கள் இரண்டு பிரிவுகளாக அமைக்கப்பட்டுள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு வேலை செய்யும். சில வண்டிகளில், ஒரு பிரிவிலே அமுக்கம் குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். சில டீசல் வண்டிகளில், மிதியின் பாரத்தைக் குறைக்கும் வெற்றிடக் கருவிக்குப் போதிய வெற்றிடம் கிடையாதபோதும் இவ்விளக்கு எரிவதுண்டு.

மஞ்சள் விளக்கு ஏ.பி.எஸ். என்னும் அமைப்பிற்குரியது. திடீரெனப் பிறேக் பிடிக்கும்போது சில்லுகள் சுழலாது இறுகி வழுக்குவதை இவ்வமைப்புத் தடுக்கிறது. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் அறிய அதனருகே ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கும். மஞ்சள் விளக்கு மாத்திரம் எரிந்தால் சாதாரண பிறேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆயினும் சில்லு இறுகி வழுக்குதல் கூடும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் பிறேக் வலுவைப் பங்கிடும் ஒழுங்கும் தவறியிருக்கலாம். அப்பொழுது பின்சில்லுகள் முன்னதாக இறுகி வண்டி பக்கவாட்டில் திரும்பும் அபாயம் உண்டு.

திறப்பைத் திருப்பியவுடன் இவ்விளக்குகள் சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அது விளக்குகள் நன்றாயுள்ளனவா என்பதற்கான சோதனை. அவ்வேளை எரியாத விளக்கு பழுதானது. அல்லது யாரோ அதனைக் கழற்றியிருக்கிறார். பழைய வண்டி வாங்குவோர் இதனை முதலிற் பார்த்தல் வேண்டும். விளக்கின் தொல்லை பொறாது அதன் கம்பியை வெட்டிவிடுவது, காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

முதற் பரிசோதனை

எந்தக் கருவியுமின்றி வீட்டு முற்றத்திலேயே பின்வரும் சோதனைகளைச் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துக்கொள்க.

(1) கைப்பிறேக் முற்றாக இறங்கியுள்ளதா என்று பார்க்கவும். ஒரு பல் அளவு ஏறியிருந்தாலும், பள்ளந் திட்டியில் ஓடும்போது விளக்கு மினுங்கும். விளக்கு எரிகையில் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்துக. உடனே அணைந்தால் கைப்பிடியின் அடியிலுள்ள ஆளியையோ கம்பி இழுவையையோ சீர்செய்ய வேண்டும்.

(2) இயந்திர மூடியைத் திறந்து பிறேக் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கவும். பக்கத்திலே உயர்ந்த அளவும் குறைந்த அளவும் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையில் நிற்றல் வேண்டும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலுமுள்ள தூசியையும் மணலையும் துடைத்துவிடுக.

(3) இயந்திரத்தை நிறுத்தி, மிதி கடினமாகும்வரை ஐந்தாறு முறை மிதிக்கவும். பின் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். மிதி மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது. அல்லது தலைமைச் சிலிண்டரின் றப்பர் உள்ளே பழுதாகிவிட்டது.

(4) மிதியை அழுத்தியவாறே இயந்திரத்தைத் தொடக்கவும். மிதி சிறிது கீழிறங்கினால் வெற்றிடக் கருவி வேலை செய்கிறது. சற்றும் இறங்காது கடினமாகவே நின்றால் அதன் குழாயையும் பம்பியையும் பரிசோதிப்பிக்க வேண்டும்.

(5) நான்கு சில்லுகளின் உட்பக்கத்தையும், பின் டிறங்களின் கீழ் விளிம்பையும், வண்டிச் சட்டத்தின் ஓரமாகச் செல்லும் இரும்புக் குழாய்களையும் பார்க்கவும். ஈரமான கறையோ, தூசி ஒட்டிய பிசுபிசுப்போ இருந்தால் அது கசிவின் அடையாளம்.

எண்ணெய் குறைந்தால் ஊற்றினாற் போதுமா?

போதாது. இதனை எல்லாக் கமக்காரரும் நன்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பிறேக் எண்ணெய் மூடிய குழாய்களுக்குள் இருப்பது. இயந்திர எண்ணெய்போல அது எரிந்து குறைவதில்லை. குறைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள் உண்டு: ஒன்று கசிவு, மற்றது பிறேக் கட்டைகளின் தேய்வு. கட்டை தேயத் தேய, அதனைத் தள்ளும் தண்டு வெளியே வருகிறது. அது விட்ட இடத்தை நிரப்பக் கிண்ணத்திலுள்ள எண்ணெய் கீழிறங்குகிறது. ஆகவே குறைந்த எண்ணெய், "கட்டையைப் பார்" என்று கூறும் செய்தியாகும். கட்டையைப் பாராது எண்ணெயை ஊற்றினால் விளக்கு அணையும், செய்தியும் மறையும், கட்டையோ தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும். முன் கட்டையின் தேயும் பகுதி ஏறக்குறைய 3 மில்லிமீற்றராகிவிட்டால் மாற்றிவிடுதல் நன்று.

ஊற்றவேண்டிய எண்ணெய் எதுவென்று கிண்ணத்தின் மூடியில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4 ஆகும். இயந்திர எண்ணெய், உழவு இயந்திரத்தின் ஐதரோலிக் எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் ஒரு துளியேனும் சேர்க்கலாகாது. அவை றப்பர் பாகங்களை ஊதச் செய்து பிறேக் முழுவதையும் கெடுத்துவிடும். டொட் 5 எனப்படும் சிலிக்கோன் எண்ணெய் வேறு இனம். அதனை மற்றவற்றோடு கலத்தல் கூடாது.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 3 எண்ணெய் குறைந்தது 205 பாகை சதமவெப்பத்தில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்குக் குறையலாம். பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது எண்ணெய் கொதித்தால் குழாயினுள் ஆவி உண்டாகி, மிதி பஞ்சு போலாகிவிடும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழு எண்ணெயையும் மாற்றுக. நெடுநாள் திறந்து வைத்த போத்தலில் உள்ளதைப் பயன்படுத்தற்க. அதனை வெறுமையான கிருமிநாசினிப் போத்தல்களில் ஊற்றி வைப்பதும், கழிவு எண்ணெயை வாய்க்காலில் விடுவதும் கூடா.

எரியும் வேளையே விடை

ஒரு சிறு கொப்பியை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தபோது நாள், விளக்கின் நிறம், வேகம், பாரம், பாதை, மழை, திருப்பம், மிதியின் தன்மை ஆகியவற்றைக் குறியுங்கள். ஓடிக்கொண்டிருக்கையில் எழுதாது, வண்டியை ஓரமாக நிறுத்தியபின் எழுதுக. ஒரு வாரக் குறிப்பு, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வளைவில் திரும்பும்போதும், பிறேக் பிடிக்கும்போதும், ஏற்ற இறக்கத்திலும் சிவப்பு விளக்கு எரிந்து சமதரையில் அணைந்தால், எண்ணெய் குறைந்த அளவை அண்மிவிட்டது. கிண்ணத்தில் எண்ணெய் ஒரு பக்கம் சாய்வதால் மிதவை இறங்கி விளக்கை எரியச் செய்கிறது. மன்னார் பெரும்பாலும் சமநிலம். ஆதலால் இக்குறை உள்ளூரில் நெடுநாள் தோன்றாதிருந்து, மலைப்பாங்கான இடத்திற்குப் பாரம் ஏற்றிச் செல்லும் நாளில் முதன்முதலாகத் தோன்றக்கூடும். பிறேக் மிகவும் வேண்டிய இடமும் அதுவே.

பள்ளந் திட்டியில் குலுங்கும்போது மாத்திரம் சிவப்பு விளக்கு மினுங்கினால், கைப்பிறேக் ஆளியையும் கிண்ணத்தின் மின்னிணைப்பையும் பார்க்க. எண்ணெய் சரியான அளவில் இருந்தும் விளக்கு எரிந்தால், கிண்ணத்தின் மிதவை சிக்கியிருத்தலும் கூடும்.

சிவப்பு விளக்கும் பற்றரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் மின்பிறப்பாக்கியையும் அதன் பட்டியையும் பரிசோதிப்பிக்க. இயந்திரம் ஓடும்போது பற்றரியின் முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோற்று வரை இருத்தல் வேண்டும். சில டீசல் வண்டிகளில் வெற்றிடப் பம்பி மின்பிறப்பாக்கியோடு இணைந்திருப்பதால், ஒன்றின் பழுது மற்றதையும் பாதிக்கும்.

ஒரு பக்கம் திருப்பும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால், முன்சில்லு உணரியின் கம்பி இழுபட்டோ உரசியோ உள்ளது. அல்லது சில்லுப் பேரிங் தளர்ந்து உணரியின் இடைவெளி மாறுகிறது. பிறேக் வேலையோ பேரிங் வேலையோ செய்த சில நாட்களில் விளக்கு எரியத் தொடங்கினால், கழற்றிய இணைப்பைச் சரியாகப் பொருத்தாமையே பெரும்பாலும் காரணமாகும்.

மழையிலோ வண்டியைக் கழுவியபின்னோ மஞ்சள் விளக்கு எரிந்து, வெயிலில் காய்ந்தபின் அணைந்தால், மின்னிணைப்பிலே நீர் புகுகிறது. சேற்று வயற்பாதையில் சென்றபின் எரிந்தால், உணரியிலும் அதன் பல்வளையத்திலும் சேறோ வைக்கோலோ அடைந்துள்ளதா என்று பார்க்க. நான்கு ரயர்களும் ஒரே அளவினவா என்பதையும் கவனிக்க. அளவு வேறுபட்டால் சில்லுகளின் வேகமும் வேறுபடும்.

உப்பு, மணல், எலி

நம் பகுதிக்குரிய காரணங்கள் மூன்று உள்ளன. முதலாவது உப்பு. தீவிலும் கரையோரத்திலும் கடற்காற்று எப்பொழுதும் உப்பைக் கொண்டுவருகிறது. சோளகம் வீசும் காலத்திலே மணலையும் சேர்த்து அடிக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து, மின்னிணைப்பின் செப்பு முனைகளைப் பச்சை நிறமாக அரிக்கிறது. உணரியின் அடியிலும் பல்வளையத்திலும் துரு ஏறினால் இடைவெளி மாறுகிறது. மிக ஆபத்தானது, சட்டத்தின் அடியிலே பிறேக் குழாயைப் பிடித்திருக்கும் கொளுவிகளில் சேறும் உப்பும் தங்கி, குழாயை வெளித்தெரியாது அரிப்பதாகும். கடல் நீரில் வண்டியை இறக்கிப் பொருள் ஏற்றுவதை இயன்றவரை தவிர்க்க. கடற்கரையிலோ உப்பளவெளியிலோ ஓடிய நாளன்று வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுக. உவர்க் கிணற்று நீரால் கழுவுவதில் பயனில்லை. அமுக்க நீரை உணரிகளுக்கும் இணைப்புகளுக்கும் நேரே பாய்ச்சுதலும் கூடாது.

இரண்டாவது மணல். வண்டி ஓடுகையில் கம்பிகளோடும் குழாய்களோடும் அது உராய்ந்து மேலுறையைத் தேய்க்கிறது. கம்பிகள் சட்டத்தில் இறுகப் பிடிக்கப்பட்டுள்ளனவா என்று ஆண்டுக்கு இரு முறையாவது பார்க்க.

மூன்றாவது எலி. நெல் களஞ்சியத்தின் அருகே வண்டியை நிறுத்தினால், இரவிலே எலி இயந்திரப் பக்கத்தில் ஏறிக் கம்பிகளைக் கடிக்கும். பாதி கடிபட்ட கம்பி, குலுங்கும்போது தொட்டும் தொடாமலும் நின்று விளக்கை விட்டு விட்டு எரியச் செய்யும். வண்டியைக் களஞ்சியத்திற்கு அப்பால் நிறுத்துங்கள். பெட்டியிலும் மூடியின் கீழும் சிந்திய நெல்லையும் வைக்கோலையும் அகற்றுங்கள்.

கராசில் கேட்கவேண்டியவை

மஞ்சள் விளக்கு எரிந்த வண்டி, தன் குறையைக் குறியீடாகத் தன் கணினியிலே பதிந்து வைத்திருக்கும். எந்தப் பாகத்தையும் மாற்றுமுன் அக்குறியீட்டைக் கருவி கொண்டு வாசிக்கும்படி கேளுங்கள். அதற்கு முன் பற்றரியைக் கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் பதிவு அழிந்துவிடும். குறியீடு எந்தச் சில்லு என்பதைக் கூறும்; உணரி பழுதா, கம்பி பழுதா, இணைப்புப் பழுதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். துரு அகற்றி இணைப்பைத் துப்புரவு செய்தாற் போதுமான இடத்திலே, விலையுயர்ந்த உணரியை வாங்கிப் பணத்தை வீணாக்குவோர் பலர். உங்கள் குறிப்புக் கொப்பியைத் திருத்துபவரிடம் காட்டுங்கள்.

பழைய பிறேக் கட்டைகளின் தூசியை வாயால் ஊதற்க. சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத் துணியால் துடைப்பதே முறை. பிறேக் கட்டையையும் சில்லின் தட்டையும் எண்ணெய் தீண்டாது காக்க வேண்டும்.

வழியில் எரிந்தால் செய்யவேண்டியவை

மஞ்சள் மாத்திரம் எரிந்தால் வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கு அதிக இடைவெளி விட்டுச் செல்க. அண்மையிலுள்ள கராசிற் காட்டுக.

சிவப்பு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துக. கைப்பிறேக்கையும் எண்ணெயையும் மிதியையும் மேற்கூறியவாறு பார்க்க. எண்ணெய் குறைந்திருந்தாலோ, மிதி ஆழமாக இறங்கினாலோ, பஞ்சுபோல இருந்தாலோ வண்டியை ஓட்டற்க. மூடைகளை வேறு வண்டியில் ஏற்றுவதற்குச் சிறிது பணம் செலவாகலாம். அது ஆபத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரிந்தாலும் பாரத்தோடு பயணத்தைத் தொடர்தல் ஆகாது.

ஓடும்போதே மிதி கீழே போய்விட்டால் மனந் தளராது, மிதியை விரைவாகப் பலமுறை மிதிக்க. கியரைப் படிப்படியாகக் குறைக்க. கைப்பிறேக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டே சிறிது சிறிதாக இழுக்க. ஒரேயடியாக இழுத்தால் வண்டி வழுக்கும். ஹோர்ன் அடித்து ஏனையோரை எச்சரிக்க. வண்டி நிற்கும்வரை இயந்திரத்தை நிறுத்தற்க, நிறுத்தினால் திருப்பும் சக்கரம் கடினமாகும், மிதியும் வலுவிழக்கும்.

பராமரிப்பு ஒழுங்கு

கிழமைக்கு ஒரு முறை எண்ணெய் அளவைப் பார்க்க. மாதம் ஒரு முறை சில்லுகளின் உட்பக்கத்தில் கசிவைப் பார்க்க. காலபோக அறுவடை தொடங்குமுன்னும் சிறுபோக அறுவடை தொடங்குமுன்னும் கட்டைகள், டிறங்கள், குழாய்கள், கைப்பிறேக் கம்பி ஆகியவற்றை ஒருமுறை கழற்றிப் பரிசோதிப்பிக்க. அறுவடை நாளிலே கராசில் காத்திருக்க நேரம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட பாரத்திற்கு மேல் ஏற்றுவதை நிறுத்துக. எவ்வளவு நல்ல பிறேக்கும் தனக்குரிய பாரத்திற்கே பொறுப்பு.

கமக்காரர்களே! விளக்கு அணைந்துவிட்டதென்று ஆறுதல் அடையாதீர்கள். ஏன் எரிந்ததென்று அறிந்தபின் ஆறுதல் அடையுங்கள். இன்று மாலை வண்டியை நிறுத்தும்போது திறப்பை ஒருமுறை திருப்பி, இரு விளக்குகளும் எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். பின் மூடியைத் திறந்து எண்ணெய்க் கிண்ணத்தின் கோட்டைப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும்.